எருமைகள் மேய்ந்த சோப்புக் கம்பெனி

வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலம். நான் பூந்தமல்லியில் பள்ளிக்கூட வாத்தியார். சுதேசித் தொழில் என்றால் உருகிப்போவேன். அதனால்தான், பட்டணத்திலிருந்து கோட்டு போட்ட ஒருவர் வந்து, அம்பத்தூர்ப் பக்கம் சோப்புத் தொழிற்சாலை கட்டப் பங்கு விற்றபோது நானும் வாங்கினேன். திருவேற்காட்டில் பயிர் வைத்திருந்த என் மனைவியின் அண்ணனையும் வாங்க வைத்தேன்.

"பங்குன்னா இன்னா சாமி?" என்று மச்சான் கோட்டுக்காரரைக் கேட்டார்.

"கம்பெனியே உங்களுடையது என்று அர்த்தம்."

மச்சான் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அறுவடை முடிந்ததும் தன் கம்பெனியைப் பார்க்கப் போனார். பெயர்ப் பலகை இருந்தது. அதன் பின்னால் முழங்கால் உயரத்துக்குப் புல் இருந்தது. மறுநாளே தன் எருமைகளை ஓட்டிப்போய் அங்கே மேயவிட்டார். விஷயம் பரவியதும் மற்ற பங்குதாரர்களும் மாடுகளோடு வந்து சேர்ந்தார்கள். எனக்கு மானம் போயிற்று. தடுக்கலாம் என்று ஒரு நாள் நானே போனேன்.

அன்று பார்த்து, பெரிய தொகை போடவிருந்த ஒரு வியாபாரியைக் காரில் அழைத்துக்கொண்டு கோட்டுக்காரர் வந்து இறங்கினார்.

"யார்யா இங்கே மாடு மேய்க்கிறது?"

"மொதலாளிங்க சாமி," என்றார் மச்சான், உட்கார்ந்தபடியே.

வியாபாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கட்டடம் எங்கே?" என்றார்.

"அத்தத்தான் நாங்களும் பாத்துகினு கீறோம்."

கோட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, இப்படிக் குடைந்து குடைந்து கேட்டால் எவன் இங்கே தொழில் தொடங்குவான்? பணமெல்லாம் பம்பாய்க்குப் போய்விடும்!"

எனக்கு அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மச்சானிடம் மெல்லச் சொன்னேன்.

"போவட்டுமே மாப்ளே. பம்பாயிலயும் எருமை கீது."

வியாபாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிறகு ஒரு யோசனை சொன்னார். எல்லார் பணமும் பாங்கியில் இருக்கட்டும். மிஷின் வந்து இறங்கிய பிறகுதான் எடுக்கலாம், அதுவும் மச்சான் சம்மதித்தால்தான். "இதற்கு ஒப்புக்கொண்டால் நானும் போடுகிறேன்."

கோட்டுக்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் ஒப்புக்கொண்டார். மிஷின் வந்தபோது மச்சான் அதைத் தட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார், ஓட்டிக் காட்டச் சொன்னார். அப்புறம்தான் கைநாட்டு வைத்தார்.

கம்பெனி நடந்தது. முதல் வருஷ லாபத்தைக் காசாகத் தர முடியாமல் ஆளுக்கொரு பெட்டி சோப்பு கொடுத்தார்கள். என் மனைவி ஒரு தடவை தேய்த்துக் குளித்தாள். எரிச்சல் தாங்காமல் வெளியே வந்து, "உங்க சுதேசிய நீங்களே தேச்சிக்கோங்க" என்றாள்.

பெட்டி தீரும்வரை தேய்த்துக்கொண்டேன்.