எட்டுப் பேர் ஏறும் படகு

தை மாதம், ஒரு புதன்கிழமை. காலை ஏழேகாலுக்குச் செஞ்சி பஸ் ஸ்டாண்டில், திருவண்ணாமலையிலிருந்து வந்த பாண்டிச்சேரி வண்டியில் நானும் எங்கள் வீட்டுக்காரரும் ஏறினோம். ஆளுக்கு அறுபத்தைந்து ரூபாய். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இந்த மாதிரித் தூர வண்டியில் அந்தச் சலுகை கிடையாது. என் மடியில் சாப்பாட்டுக் கூடை. அவர் மடியில் துணிப்பை. அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தார். உள்ளே முன்பணம்.

படகு வாங்கப் போனோம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் மலை, நடுவில் வெயில் என்று இருக்கிற செஞ்சியிலிருந்து படகு வாங்கப் போனவர்கள் எங்களுக்கு முன்னால் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

எங்களுடையது நெல், மணிலாக் கடலை மண்டி. போன வருஷம்தான் மூடினோம். மகன்களில் பெரியவன் பெங்களூரில், சின்னவன் சென்னையில். ஆளுக்கு இரண்டு பிள்ளைகள். காலையில் காரில் வருவார்கள், மத்தியானம் சாப்பிடுவார்கள், வெயில் தாழக் கிளம்பிவிடுவார்கள். ஒருவன் வரும்போது இன்னொருவன் வரமாட்டான். சண்டை ஒன்றும் இல்லை, தோது இல்லை என்பார்கள். கோட்டையைப் பார்த்தாயிற்று, அப்புறம் இங்கே என்ன இருக்கிறது என்று பேரன் ஒருவன் கேட்டுவிட்டான். அந்தக் கேள்வி இவர் மனதில் தைத்துவிட்டது. பாண்டிச்சேரிப் பக்கம் ஒருவர் பழைய மோட்டார் படகு விற்கிறார், மேலே கூரை, உள்ளே சின்ன அறை, குடும்பத்தோடு ஏறலாம் என்று யாரோ சொல்ல, மூன்று மாதமாக அதே பேச்சு. படகை அங்கேயே உப்பங்கழியில் கட்டி வைத்துக்கொள்ளலாம், மே மாதம் எல்லாரையும் வரவழைக்கலாம், பத்து நாள் தங்குவார்கள் என்றார்.

என்னைக் கேட்காமல் எங்கள் வீட்டில் ஒரு கன்றுக்குட்டிகூட வாங்கியது கிடையாது. இதை வாங்க விடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் நானும் வண்டி ஏறினேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை.

திண்டிவனம் தாண்டியதும் இவர் போனில் கத்திப் பேசினார். "படகைக் கழுவி வைங்க! வந்துகினே இருக்கோம்!"

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "இன்னா பெரியவரே, செஞ்சிக்குப் படகா? சக்கரக்குளத்துல வுடப் போறீங்களா?"

"ஏன், ஒன் பஸ்ஸையும் கொண்டாந்து வுடு. போன மழையில பாதி ஏரி இதுக்குள்ளாறதான இருந்துச்சு."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அறுபத்தெட்டு கிலோமீட்டர். ஒன்பதரைக்குப் பாண்டிச்சேரி. அங்கிருந்து கடலூர் ரோட்டில் எட்டு கிலோமீட்டர் போனால் நோணாங்குப்பம். ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டு இருநூற்றைம்பதுக்கு வந்தார். பாலத்துக்கு இந்தப் பக்கம் தென்னந்தோப்பு; தோப்பு முடிகிற இடத்தில் கழித் தண்ணீர். கடல் கண்ணுக்குத் தெரியவில்லை, காற்றில் உப்பு தெரிந்தது.

விற்பவர் பெயர் ஜோசப். அந்த ஊரில் அவரைச் சொல்தா என்கிறார்கள். பிரான்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு அந்த நாட்டுப் பென்ஷனில் வாழ்கிறவர்களுக்கு அங்கே அதுதான் பெயர். எழுபத்தைந்து வயதிருக்கும், அரைக்கால் சட்டை, முறுக்கின மீசை. அவர் சம்சாரம் தெரேஸ் அம்மா, என்னைவிட இரண்டொரு வயது சின்னவர். வந்ததும் என் கையிலிருந்த கூடையை வாங்கி நிழலில் வைத்தார்.

நான் முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டேன். நாங்கள் ஜைனர்கள். "இதுல மீன் புடிச்சிருக்கீங்களா?"

சொல்தா நெஞ்சில் கை வைத்தார். "மாதா மேல சத்தியம்மா, ஒரு மீன் ஏறினது இல்ல. அவ்ளோ கெட்டிக்காரனா இருந்தா எம் பொண்டாட்டி ஏன் மார்க்கெட்டுக்குப் போறா?"

"தூண்டில் போட்டாரு," என்றார் தெரேஸ் அம்மா. "மீனுங்கதான் இவரை மதிக்கல."

படகு வெள்ளையாக, நீலக் கோடு போட்டு, கட்டுத்தறியில் நிற்கிற மாதிரி கயிற்றில் அசைந்துகொண்டிருந்தது. எங்கள் கோயில் சப்பரம் அளவுக்கு இருக்கும். இவர் கரையோரமாக முன்னும் பின்னும் நடந்தார், குனிந்து பார்த்தார், விலாவில் தட்டினார், மறுபடி தட்டினார். மாட்டையும் இப்படித்தான் தட்டிப் பார்ப்பார். மூட்டையாக இருந்தால் குத்தூசி விட்டு உள்ளே இருப்பதை எடுத்துப் பார்த்திருப்பார். இதற்கு என்ன செய்வது என்று தெரியாமல், "நல்ல உருப்படி" என்று பொதுவாகச் சொல்லி வைத்தார்.

பலகை போட்டு ஏறினோம். உள்ளே இரண்டு பேர் படுக்கிற மாதிரி ஒரு சின்ன அறை, கை கழுவ ஒரு தொட்டி, சுற்றி உட்காரப் பலகைகள். சுவரில் தமிழில் ஒரு தகரம் அடித்திருந்தது. நான் மூன்றாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். யாரும் அவசரப்படுத்தாததால் வாசித்து முடித்தேன். எட்டுப் பேருக்கு மேல் ஏறக் கூடாது.

"பாத்தியா, கணக்கு சரியா வருது," என்றார் இவர். "பசங்க ரெண்டு பேரு, மருமவளுங்க ரெண்டு பேரு, புள்ளைங்க நாலு. எட்டு."

"நாம?"

"நாம கரையில குந்திகினு பாக்கலாம்மே."

அதைச் சொல்லும்போது அவர் முகம் அப்படியொரு மலர்ச்சியாக இருந்தது. 

ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க முடியாது. எஞ்சினைச் சரிபார்த்து டீசல் வாங்கி ஊற்றவே இரண்டு மணி ஆகிவிட்டது. சொல்தா போனிலேயே சொல்லியிருந்தார், தண்ணீர் ஏறுவது சாயந்திரம்தான், ஐந்தரைக்கு மேல் வந்தால் கழி நிறையத் தொடங்கியிருக்கும், முகத்துவாரம் வரை போய்வரலாம் என்று. எங்களுக்கு அது ஆகாது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். விளக்கு வைத்த பிறகு பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. நான்தான் கண்டிப்பாகச் சொன்னேன்: மூன்று மணிக்கு ஓட்டுங்கள், நாலரைக்குக் கரை, ஐந்து மணிக்குச் சாப்பாடு, பஸ்.

"வெள்ளம் வத்துற நேரம்மா அது."

"ஏரியில தண்ணி எப்பவும் ஒரே மாதிரிதான இருக்கும்?"

"இது ஏரி இல்லம்மா."

"ஒரு மணி நேரத்துல இன்னா வத்திடும்?" என்றேன். ஏரித் தண்ணீர் வற்ற மூன்று மாதம் ஆகும். எனக்குத் தெரிந்த தண்ணீர் அதுதான்.

மூன்று மணிக்கு நான்கு பேரும் ஏறினோம். தெரேஸ் அம்மா எதற்கு வருகிறார் என்று நான் கேட்கவில்லை. கடைசியாக ஒரு தடவை என்று அவரே சொன்னார். எஞ்சின் உறுமியது. கரை பின்னால் போனது. தென்னைகள் நகர்ந்தன. இவர் முன்னால் போய்க் கம்பியைப் பிடித்து நின்றார், வேட்டி பறந்தது. ஒரு நீர்க்காக்கை ஓடும் தண்ணீரிலிருந்து எழுந்து பறந்ததைக் காட்டி, "ஏமே! அங்க பாரு!" என்று சின்னப் பையன் மாதிரி கத்தினார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலை நான் கேட்டதில்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு காரியமாக வெளியூர் வந்ததே அதுதான் முதல் தடவை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கால் மணி நேரம் போயிருப்போம். அடியில் உப்பைக் கொட்டி இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். படகு நின்றுவிட்டது.

சொல்தா எஞ்சினை அணைத்தார். "மணல் மேடு. நான் சொன்னேனே..."

"சும்மா இருங்க," என்றார் தெரேஸ் அம்மா. "தண்ணி நெறைய இருந்தாலும் இவர் இதே மேட்டுலதான் கொண்டாந்து ஏத்துவாரு. ஊர்ல இந்த மேட்டுக்கு இவர் பேரையே வெச்சிருக்காங்க."

ஆண்கள் இரண்டு பேரும் நீண்ட கோலால் தள்ளிப் பார்த்தார்கள். அசையவில்லை. தண்ணீர் திரும்பி ஏறும்வரை இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. பயப்பட ஒன்றும் இல்லை. இறங்கினால் முழங்காலளவுதான், ஆனால் மேட்டைச் சுற்றிலும் சேறு. என்னால்தான் ஆனது என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. அது இன்னும் கூச்சமாக இருந்தது.

சும்மா இருக்க முடியாமல் இவர் உட்காரும் பலகைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். ஒன்றின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டைகள், பிள்ளைகள் போடுகிற அளவு. ஐந்தாறு இருக்கும். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"புதுசா இருக்குதே," என்றார்.

சொல்தா தண்ணீரைப் பார்த்தார். தெரேஸ் அம்மாதான் பேசினார். "பேரப்புள்ளைங்களுக்கு வாங்கினது. பசங்க மூணு பேரும் பாரீஸ்ல. படகு வாங்குன வருசம் ஆகஸ்ட்டுல எல்லாரும் வந்தாங்க. ஒரே அமர்க்களம். இதெல்லாம் அடுத்த வருசத்துக்குன்னு வாங்கினோம். அடுத்த வருசம் பெரியவன் மட்டும் வந்தான், தனியா. அதுக்கப்புறம் போன்ல கேப்பாங்க, 'படகு எப்படிம்மா இருக்கு, காட்டுங்க'ன்னு. நான் நடந்து வந்து போனைப் புடிச்சிக் காட்டுவேன்."

"இப்ப அந்தச் சட்டையில அவனுங்களுக்குக் கையே நொழையாது," என்றார் சொல்தா.

இவர் பலகையை மெதுவாக இறக்கி மூடினார். அதற்கு மேலேயே உட்கார்ந்துகொண்டார். முன்னால் போய் நிற்கவில்லை.

ஐந்து மணிக்குச் சூரியன் தென்னைக்கு மேலே ஒரு பனை உயரத்தில் நின்றது. நான் கூடையைத் திறந்தேன். புளிசாதம், வாழைக்காய் வறுவல், மணிலாத் துவையல். சொம்பின் வாயில் வெள்ளைத் துணி கட்டி வடித்துத் தண்ணீர் ஊற்றினேன். நான்கு வாழையிலைத் துண்டுகள். நான்கு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"வெங்காயம் இல்ல, பூண்டு இல்ல, உருளைக்கிழங்கு இல்ல," என்றார் சொல்தா, மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டே. "இதுல எங்கிருந்து இந்த ருசி வருது?"

"பொய் சொல்லாம சமைச்சா வரும்," என்றார் அவர் சம்சாரம்.

இவர் நிமிர்ந்து என் இலையைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் இலையிலிருந்த வறுவலில் இரண்டை எடுத்து என் இலையில் வைத்தார். எங்கள் வீட்டில் அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு நான் உட்காருவேன். அதுதான் வழக்கம். படகில் நின்று பரிமாற இடமில்லை, அதனால் உட்கார்ந்தேன். அவர் எப்படி மெல்லுகிறார், எந்தப் பக்கத்துப் பல் இல்லை என்பதெல்லாம் அன்றைக்குத்தான் நேரே பார்த்தேன். தண்ணீர் சந்தனம் கரைத்த மாதிரி ஆகிக்கொண்டு வந்தது. பொழுது சாய்வதற்குள் கை கழுவிவிட்டோம்.

ஆறேகாலுக்குப் படகு தானாக ஒரு பக்கம் அசைந்தது, பிறகு மறுபக்கம். மிதந்துவிட்டது.

கரையில் இறங்கியதும் சொல்தா விலை பேசக் காத்திருந்தார். நான்கு லட்சத்து இருபதாயிரம் என்று முன்பே பேச்சு. குறைப்பார் என்றும் தெரியும். இவர் துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "வூட்ல கலந்துகினு சொல்றோம்."

கலக்க வேண்டிய ஆள் நான், பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை அது. சொல்தாவுக்கும் புரிந்தது. தெரேஸ் அம்மா ஓடிப் போய் எங்களுக்கு நான்கு இளநீர் கொண்டுவந்து கூடையில் வைத்தார்.

நான் நினைத்து வந்தது நடந்துவிட்டது, நான் வாயைத் திறக்காமலேயே. பஸ்ஸில் அதற்குச் சந்தோஷப்படலாம் என்று பார்த்தேன். வரவில்லை. வாங்குங்கள் என்ற ஒரு வார்த்தை தொண்டை வரை வந்தது. கண்டக்டருக்கு முன்னால், ஜனங்களுக்கு முன்னால், இத்தனை நாள் மனதுக்குள் எதிர்த்துவிட்டு எப்படிச் சொல்வது என்று விழுங்கினேன்.  திண்டிவனத்தில் அவர், "பாவம், நல்ல மனுசங்க" என்றார். அவ்வளவுதான்.

கேட்பதற்கு எனக்குப் பத்து நாளைக்கு மேல் ஆயிற்று. நான் கேட்டுப் பழகியவள் அல்ல. ஒரு நாள் காலையில் சொன்னேன்: "இன்னாங்க, அந்தப் படகு. பசங்களுக்கு வோணாம். நமக்குன்னு வாங்கினா இன்னா?"

 அவர் போனைத் தேடி எடுத்து, நம்பரைப் போட்டு என்னிடம் கொடுத்தார்.

தெரேஸ் அம்மாதான் பேசினார். முந்தின வாரமே விற்றுவிட்டார்களாம். வாங்கினவர் சுற்றுலாக்காரர்களை ஏற்றுகிறவர். அறையைப் பெயர்த்து எறிந்துவிட்டு இன்னும் இரண்டு வரிசைப் பலகை போட்டிருக்கிறாராம். "உங்க புளிசாதத்தை இவர் இன்னும் சொல்லிக்கிட்டே இருக்காரும்மா," என்றார்.  போனை இவரிடம் கொடுத்துவிட்டேன்.

நோணாங்குப்பம் போகிறவர்கள் போய்ப் பாருங்கள், நல்ல இடம். சாயந்திரம் தண்ணீர் ஏறின பிறகு படகில் போங்கள். சூரியன் இறங்கும்போது தண்ணீர் இருக்கிற அழகு எங்கள் செஞ்சியில் கிடையாது. இங்கே சூரியன் ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் திடீரென்று விழுந்துவிடும்.

போன் பேசின அன்றைக்கு அது விழுவதற்கு முன்னால், ஐந்தரை மணிக்கு, கூடத்தில் எதிரெதிரே இரண்டு தட்டு வைத்தேன். இவர் கை கழுவிக்கொண்டு வந்தவர் வாசலைப் பார்த்தார். பிறகு தட்டுகளைப் பார்த்தார். "ஏமே, யாரு வராங்க?" என்றார். குரலில் ஒரு துள்ளல் வந்துவிட்டது. "பெரியவனா? சின்னவனா?"

"யாரும் வரல," என்றேன். "குந்துங்க. அது எனக்கு."