முத்தையா அண்ணன் வீடு நடந்து போன நாள்

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். கேட்டவன் தங்கராசு. எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு இந்த முறை அவன்தான் ஆசிரியர். தேக்கா காப்பிக்கடையில் என் பரோட்டாவில் பாதியைப் பிய்த்துத் தின்றுகொண்டே விஷயத்துக்கு வந்தான்.

"வீடு நிலம் வாங்கினவங்க எல்லார்கிட்டயும் ஒரே கேள்விதான்டா கேக்குறோம். மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிச்சா என்ன பண்ணுவீங்க, பிள்ளைங்கள எந்த வழியில விடுவீங்க. நீயும் எழுது."

"எனக்கு வீடும் இல்ல, நிலமும் இல்ல. பிள்ளைக்கு அம்மாவையே இன்னும் பாக்கல."

"தெரியும் லா. எழுதுறேன்னு சொன்ன தவ்கே, பெரிய மொதலாளி ஒருத்தர், கால வாரிட்டாரு. ஒரு பக்கம் காலியா கெடக்கு."

காலிப் பக்கத்துக்குக் காலியான ஆள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை வேண்டாம் என்றதா, நான் அதை வேண்டாம் என்றேனா என்பது இன்றுவரை தீராத வழக்கு. இப்படிப்பட்டவனிடம் அறிவுரை கேட்கிற சங்கம் எப்படி உருப்படும் என்று நினைத்துக்கொண்டே அறைக்குத் திரும்பினேன்.

நான் ஒண்டியிருக்கும் அடுக்குமாடியில் அன்றைக்கு மின்தூக்கி வேலை செய்யவில்லை. நாலு பேர் ஒரு பெரிய அலமாரியைப் படிக்கட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தூக்குகிறவர்களுக்கு அலமாரியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மேலே நின்ற அம்மாள், "எடது பக்கம், இன்னும் எடது பக்கம், ஐயோ செவுரு, செவுரு," என்று குரல் கொடுத்தாள். வியர்வையும் ஈரக் கயிறும் கலந்த அந்த வாடை என் மூக்கில் ஏறியதும் முத்தையா அண்ணன் வந்துவிட்டார். ஆளாக இல்லை, நினைப்பாக. ஆள் நன்றாகத்தான் இருக்கிறார், நேற்றுகூட என்னைத் திட்டினார்.

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாவு மில்லில் நான் மூட்டை தூக்கிய காலத்தில் முத்தையா அண்ணன் அங்கே மேஸ்திரி. மிளகாய்த்தூள் பறக்கும்போது எல்லோரும் தும்முவோம், அவர் மட்டும் தும்மமாட்டார். வீடு நிலம் பற்றிய யோசனையில் மூக்குக்கு வேலை கொடுக்க மறந்துவிடுவார் என்று நான் சொல்லித் திரிந்தேன்.

அவர் யோசனை லேசுப்பட்டதல்ல. கடைவீட்டு மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார். நடுவில் பலகை அடித்துப் பாதியை உள்வாடகைக்கு விட்டார். மிச்சப் பாதியில் வேட்டியைத் திரையாகக் கட்டி அதிலும் பாதியை விட்டார். கடைசியில் அவரும் அண்ணியும் மகள் கமலாவும் இருந்த இடத்தில், யாராவது ஒருவர் புரண்டு படுக்க வேண்டுமென்றால் மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டுத்தான் புரள வேண்டும். அதிலும் அவருடைய கட்டில் பகலில் சும்மா கிடக்கிறதே என்று மனசு கேட்காமல், ராத்திரிக் காவல் பார்க்கும் சிங் என்ற ஜாகாவுக்குப் பகல் வாடகைக்கு விட்டார். அந்தக் கட்டில் சூடு ஆறி நான் பார்த்ததில்லை.

"இடம்ங்கறது தூங்கக் கூடாதுடா. ஆள்தான் தூங்கணும்," என்பார்.

இவ்வளவும் கமலாவுக்காக. அவளுக்குச் சொந்த வீடு ஒன்றைக் கொடுத்து, சொந்த வீடு உள்ள மாப்பிள்ளைக்குக் கட்டி வைத்துவிட்டால் இரண்டு வீடாச்சு, அப்புறம் அவள் எதிர்காலத்துக்கு என்ன குறை என்பது அவர் கணக்கு. கமலாவின் கணக்கு வேறு. பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, தாதிப் பயிற்சிக்குப் போய்க் கேட்டு, இடமும் வாங்கிவிட்டாள். அடுத்த வருஷம் சேர வேண்டும்.

"மிஸ்ஸி வேலையா? கண்டவன் காலப் புடிச்சுக் கட்டுப் போடுறதுக்கா ஒன்னப் படிக்க வச்சேன்?"

"நீங்க காலு ஒடஞ்சு கெடந்தா யாருப்பா கட்டுப் போடுவா?"

"எனக்கு ஏன் ஒடையுது? நான் பாத்து நடக்குறவன்."

பார்த்து நடக்கிற அந்த மனுஷர்தான் கேலாங் பக்கம் கம்பம் என்கிற மலாய்க் கிராமம் ஒன்றில் அத்தாப்பு ஓலை வேய்ந்த வீடு வாங்கினார். பலகைச் சுவர், கட்டையான கால்கள் மேல் நிற்கும் தரை, மரப்படி ஏறினால் வாசல், கிழக்கு பார்த்த வாசல். விலை ரொம்ப சல்லிசு. ஏன் இவ்வளவு சல்லிசு என்று கேட்காமல், இவ்வளவு சல்லிசாகக் கொடுக்கிறவன் எவ்வளவு முட்டாள் என்று எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எல்லாரும் குடிபோனார்கள். கட்டிலோடு ஜாகா சிங்கும் போனார். விடுமுறை நாளில் அண்ணி சமையல் கிடைக்கும் என்று நானும் போய்வந்தேன்.

கம்பத்தில் வீடு வேறு, மண் வேறு. வீட்டை விற்றவன் வீட்டை மட்டும்தான் விற்றிருக்கிறான். கீழே இருக்கிற மண்ணுக்குச் சொந்தக்காரர் இன்னொருவர். அங்கே பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது. கடைவீட்டு மாடியிலேயே வாழ்ந்தவருக்கு, வீடு என்றால் அதற்குக் கீழே யாரோ ஒருத்தர் இருப்பது இயல்பு. அவர் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஒரு நாள் மண்காரர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். இந்த இடம் எனக்கு வேண்டும், உன் வீட்டை எடுத்துக்கொண்டு போ என்று மரியாதையாகச் சொன்னார்.

"எடுத்துக்கிட்டா?" என்றார் அண்ணன். "வீடு என்ன பொட்டியா?"

அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பாக் டோலா வந்தார். கம்பத்து மலாய்ப் பெரியவர், எங்களோடு பேசிப் பேசிக் கொஞ்சம் தமிழும் பழகியவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கவலைப்பட என்ன இருக்கிறது என்பது போல் பார்த்தார்.

"தூக்கு லா. ஞாயித்துக்கிழமை ஆள் வரும். நீ சோறு போடு, போதும்."

அந்த ஊரில் அது வழக்கமாம். வீட்டுக்கு அடியில் மூங்கில்களைக் குறுக்கும் நெடுக்கும் கட்டி, கம்பமே சேர்ந்து தோள் கொடுத்து, வீட்டை அப்படியே நடத்திக்கொண்டு போய் வேறு இடத்தில் வைப்பார்கள். கேட்டதும் எனக்கு ஒரே சந்தோஷம். சப்பரத்தைத் தூக்குவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அடுப்பங்கரையோடு வீட்டைத் தூக்குவதை யார் பார்த்தது? திடலுக்கு அந்தப் பக்கம், கால்வாய் ஓரமாக, கீரைத் தோட்டக்காரச் சீனத் தவ்கே ஒருவர் கொஞ்சம் மண்ணை வாடகைக்குக் கொடுத்தார். அண்ணன் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்.

"எங்க வேணா வைங்க. ஆனா வாசல் கெழக்கு பாக்கணும். மாப்பிள்ள வீட்டுல மொதக் கேள்வியே அதான்."

ஆமாம், மாப்பிள்ளை கிடைத்துவிட்டார். அடுத்த வாரம் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சொந்தமாகவே கடைவீடு உண்டு. வீட்டைப் பார்த்த பிறகுதான் பெண்ணையே பார்ப்பேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவர் போட்ட இன்னொரு நிபந்தனை, பெண் படிப்பு, வேலை என்று வெளியே போகக் கூடாது. அண்ணன் சரி என்று தலையாட்டிவிட்டார். கமலா அன்று முழுக்கப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள், சுத்தமாக இருந்தவற்றையும் சேர்த்து.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. படிகளைக் கழற்றினோம். சாமான்களை வெளியே எடுத்தோம். மூங்கில் கட்டினோம். வீட்டுக்கு அடியில் குனிந்து நின்றவனுக்கு முன்னால் நிற்பவன் முதுகு தெரியும், தன் கால் தெரியும், வேறொன்றும் தெரியாது. அதனால் வெளியே ஒருத்தர் நின்று வழி சொல்ல வேண்டும். தமிழும் தெரிய வேண்டும், மலாயும் தெரிய வேண்டும், குரலும் வேண்டும்.

"கமலா சொல்லட்டும்," என்றார் பாக் டோலா. "அதுக்கு நல்ல கொரலு."

கமலா ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தின் மேல் ஏறி நின்றாள். வீடு எழுந்தது. என் தோளில் இருந்தது அடுப்பங்கரை என்று நினைக்கிறேன், பெருங்காய வாசனை வந்தது. பக்கத்தில் முத்தையா அண்ணன், தன் சொத்துக்கு அடியில் தானே நசுங்கிக்கொண்டு, "கெழக்கு, கெழக்கு," என்று முனகிக்கொண்டே வந்தார். திடலைத் தாண்டினோம். "எடது பக்கம் திரும்புங்க" என்றது கமலாவின் குரல். திரும்பினோம். "இன்னும்." திரும்பினோம். "இன்னும் கொஞ்சம்." வீடே ஒரு சுற்றுச் சுற்றி வந்த மாதிரி இருந்தது. "போதும், எறக்குங்க."

வெளியே வந்து முதுகை நிமிர்த்திப் பார்த்தோம். வாசல் கிழக்கைத்தான் பார்த்தது. கிழக்கில் இருந்தது கால்வாய். வாசலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு பூனை உட்காரலாம், அதுவும் வாலைச் சுருட்டிக்கொண்டு.

"என்னம்மா இது?" என்றார் அண்ணன்.

"நீங்கதானப்பா கெழக்கு பாக்கணும்னீங்க."

அவள் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. நான் நன்றாக உற்றுப் பார்த்தேன்.

திருப்பி வைக்கலாம் என்றால் தூக்கியவர்கள் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். சாப்பிட்டவர்கள் அதற்குமேல் வீடு தூக்கமாட்டார்கள், அதுவும் வழக்கம்தான் என்றார் பாக் டோலா. படிகளை அடுப்பங்கரைப் பக்கம் பொருத்தினோம். சாயந்திரம்தான் தெரிந்தது, மற்றப் பொருள்களை எல்லாம் எடுத்தோமே தவிர, கட்டிலையும் அதில் தூங்கிக்கொண்டிருந்த ஜாகா சிங்கையும் யாரும் எடுக்கவில்லை. மனுஷர் வீட்டோடு பயணம் செய்திருக்கிறார். எழுந்து, தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, அடுப்பங்கரை வழியாக வேலைக்கு இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். ரொம்ப நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, "முத்தையா, ரோடு எங்க போச்சு?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று வாசல் கதவுக்குப் பூப்போட்ட திரை தொங்கியது. எல்லாரையும் அடுப்பங்கரை வழியாக ஏற்றினோம். "சமையல் மணத்தோட வரவேற்கறது இப்பத்த வழக்கமுங்க," என்றார் அண்ணன். மாப்பிள்ளையின் அப்பா பலகையைத் தட்டிப் பார்த்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார். "கெழக்கு வாசலா?" என்றார். "சத்தியமா," என்றார் அண்ணன். அந்த ஒன்று மட்டும் பொய்யில்லை.

மாப்பிள்ளை கோட்டும் வெள்ளைக் கால்சட்டையும் காலில் கழற்றாத புதுச் சப்பாத்துமாக வேர்த்துக்கொண்டிருந்தார். பெயரைப் போட்டால் இந்தக் கட்டுரை அச்சேறாது, விட்டுவிடுகிறேன். அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு சிகரெட் பிடிக்க வேண்டும் அவருக்கு. பெரியவர்கள் பேச்சில் இருந்தபோது மெதுவாகத் திரையை விலக்கி, கதவைத் திறந்து, தீப்பெட்டியைத் தடவிக்கொண்டே வெளியே கால் வைத்தார். காப்பித் தட்டோடு நின்றிருந்த நான் பார்த்தது இவ்வளவுதான்: மாப்பிள்ளை இருந்தார். மாப்பிள்ளை இல்லை.

சத்தம் கேட்டு முதலில் ஓடியது கமலா. பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, துணி காயப்போடும் மூங்கிலை நீட்டி, நானும் பிடிக்க, அவரைக் கரையேற்றினாள். சேறு சொட்ட உட்கார்ந்தவரின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"வெரல அசைங்க. வலிக்குதா? இங்க? ஒடையல, சுளுக்குதான்."

அண்ணியின் துண்டைக் கிழித்துக் கட்டும் போட்டாள். கட்டு அவ்வளவு அழகு. பெண் பார்க்க வந்தவர் கட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்க வழியில்லாத வாசலு. இந்த வீடு எங்களுக்கு வேண்டாம்," என்று மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார்.

மாப்பிள்ளை அண்ணனைப் பார்த்தார். "மாமா, இவங்கள ஆஸ்பத்திரிக்கே அனுப்பிருங்க. வீட்டுல வச்சிருந்தா வீணாப் போயிரும்."

அண்ணன் கட்டைப் பார்த்தார், கால்வாயைப் பார்த்தார், கடைசியாகத் தன் காலையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். ஈரக் கால்சட்டையைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு, மாப்பிள்ளைக்கு என் கைலியைக் கட்டி அனுப்பினேன். புதுச் சப்பாத்தில் ஒன்றுதான் கரையேறியிருந்தது. கோட்டு, கைலி, ஒற்றைச் சப்பாத்து. டாக்சிக்காரன் ஏற்றிக்கொள்ள ரொம்ப யோசித்தான். அடுத்த மாதம் கமலா பெட்டியோடு பயிற்சிக்குப் போனாள். பெட்டியைத் தூக்கியவர் முத்தையா அண்ணன். வழி சொல்லிக்கொண்டு முன்னால் நடந்தவள் அவள்.

ஆகவே தங்கராசு, மறுபடி ஆரம்பித்தால் நான் செய்வது இதுதான். வீடு வாங்குவதற்கு முன் மண் யாருடையது என்று கேட்பேன். கதவைத் திறந்ததும் காலை நீட்டமாட்டேன். பிள்ளைகள் எதிர்காலத்தைத் தோளில் தூக்கியே தீருவேன் என்கிறவர்கள் தாராளமாகத் தூக்கட்டும், ஆனால் அடியில் இருக்கிறவனுக்கு வழி தெரியாது என்பதை அடியில் இருந்த ஒருவன் என்ற முறையில் சொல்லி வைக்கிறேன்.

இப்போது அந்தக் கம்பம் இல்லை. திடலில் அடுக்குமாடிகள் எழுந்துகொண்டிருக்கின்றன. கால்வாய்க்குச் சிமெண்டுக் கரை போட்டுவிட்டார்கள். அந்த வீட்டைக் கடைசி முறை யாரும் தோளில் தூக்கவில்லை, பலகை பலகையாகப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். வழி சொல்ல ஆளே தேவைப்படவில்லை. பாக் டோலா மகனோடு எங்கோ போய்விட்டார். ஜாகா சிங்கும் எங்கோ போய்விட்டார், விழித்துக்கொண்டு போனாரா என்று தெரியாது. முத்தையா அண்ணன் கமலா மிஸ்ஸியோடு எட்டாவது மாடியில் இருக்கிறார். காலையில் கதவைத் திறந்ததும் கட்டைவிரலை மட்டும் வெளியே நீட்டி, தரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இன்றைக்கும் இறங்குகிறார்.

எழுதியதைக் காப்பிக்கடையில் தங்கராசுவிடம் கொடுத்தேன். பரோட்டாவைத் தொடாமல் கடைசி வரி வரை படித்தான். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"ஒன் கைலிய நான் அந்த வாரமே குடுத்துட்டேன்டா, இந்தக் கால்வாய்க்குக் கரை போட்டவங்க என்னோட இன்னொரு சப்பாத்தப் பாத்தாங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லு."