சித்திரைப் பிள்ளை

என்னைப் பாக்க வந்த ஒவ்வொருத்தரும் முதல்ல வயித்தைப் பாப்பாங்க, அப்புறம் விரலை மடக்குவாங்க. சித்திரை, பங்குனி, மாசின்னு பின்னாலயே எண்ணிக்கிட்டுப் போய் ஆடியில வந்து நிப்பாங்க. நின்னதும் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு ஒரு சிரிப்பு. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு, "ஆமா, ஆடிதான், அதுக்கென்ன இப்ப?"ன்னு கேட்டுப்புடலாம்னு இருக்கும். அதுக்குள்ள எங்க அம்மா கண்ணாலயே என்னை அடக்கிரும்.

விஷயம் இதுதான். எங்க பக்கம் புதுசாக் கல்யாணமான பொண்ணை ஆடி மாசம் தாய்வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க. ஆடியில தங்குற பிள்ளை சித்திரையில பிறக்கும். தலைப்பிள்ளை, அதுலயும் ஆம்பளைப்பிள்ளை சித்திரையில பிறந்தா வீட்டுப் பெரியவங்களுக்கு ஆகாதுன்னு ஒரு பயம். எனக்கு வைகாசியில கல்யாணம். ஆடி பிறக்கப் போகுதுன்னதும் அப்பா வந்து என்னை எங்க ஊருக்குக் கூட்டிட்டு வந்துட்டார். எங்க ஊர் ரெட்டியபட்டிக்குப் பக்கம். அதுவரைக்கும் எல்லாம் முறைப்படிதான் நடந்துச்சு.

எங்க வீட்டுக்காரர் குட்டியானை வண்டி ஓட்டுறார். ஒருநாள் லோடு இறக்கிட்டுத் திரும்புறப்ப எங்க ஊர் முக்குல வண்டி பஞ்சர். ஸ்டெப்னியும் பஞ்சர். பாவம், மனுசன் வீட்டுப் பக்கம் வரவே இல்ல, வண்டியிலதான் உக்காந்திருந்தார். எங்க அப்பாவே நேரா அங்க போய், "மாப்பிள்ளை முக்குல கொசுக்கடியில கிடக்க, நாங்க வீட்டுல ஃபேனைப் போட்டுத் தூங்குறதா? நாலு பேரு காறித் துப்ப மாட்டானா?"ன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தார். வீட்டுக்கு மாப்பிள்ளை வந்துட்டா எங்க ஆளுகளுக்குக் கோழிதான் ஞாபகம் வரும், மாசம் ஞாபகம் வராது. பஞ்சர் ஒட்டுற ஆள் ரெண்டு நாள் கழிச்சுத்தான் வந்தான்.

டாக்டரம்மா குறிச்ச தேதி சித்திரைக்கு நடுவுல வந்து விழுந்தப்ப அப்பா தலையில கையை வச்சு உக்காந்துட்டார். "எல்லாம் அந்தப் பஞ்சரால வந்த வினை"ன்னு அம்மா முணுமுணுத்துச்சு. எனக்கு எந்த வினையும் தெரியல. சந்தோசமாத்தான் இருந்துச்சு.

என் மாமியாருக்கு ஊர் மல்லாங்கிணறு. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுசி. நான் அவங்களை அத்தைன்னு கூப்பிடுறேன், அதுல ஒண்ணும் அதிசயமில்ல. அவங்க பெத்த மகனும் அத்தைன்னுதான் கூப்பிடுவார், அதுவும் வாங்க போங்கன்னு. கல்யாணமான புதுசுல அதைக் கேட்டுட்டு எனக்குச் சிரிப்பு அடங்கல. "ஏங்க, அவுக உங்களுக்குப் பெத்த தாயா, பொண்ணு குடுத்த மாமியாளா?"ன்னு கேலி பண்ணினேன். "சின்னதுல இருந்து பழகிப்போச்சு"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டார். சில வீட்டுல பெத்தவளை அக்கான்னு கூப்பிடும் பிள்ளைக, அது மாதிரி போலன்னு நானும் விட்டுட்டேன்.

பங்குனி பிறந்ததும் எனக்கு நடக்க ஒரு மனசு, படுக்க ஒரு மனசு. ரெண்டும் முடியாது. பாதம் வீங்கி எந்தச் செருப்பும் நுழையல, அப்பாவோட ரப்பர் செருப்பைத்தான் போட்டுத் திரிஞ்சேன். வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல் ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் இருக்கும். புரண்டு படுத்தா அந்தச் சத்தத்துல நானே முழிச்சுக்குவேன். மதியத்துல ஃபேன் அனலைத்தான் அள்ளிக் கொட்டும். சிமெண்டுத் தரையில தண்ணியைத் தெளிச்சு, ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு வாசல் வழியாப் பாத்துக்கிட்டு இருப்பேன். பருத்திமாரைப் பிடுங்கிட்ட காடு வெறிச்சுன்னு கிடக்கும், அதுக்கு அங்கிட்டுக் கருவேலம். ஒரு ஆளு நடக்காது. "ஈரத்துல படுக்காத, சளி பிடிச்சுக்கும்"னு அம்மா கத்தும். நான் எந்திரிக்க மாட்டேன். எந்திரிக்கிறதுன்னா சும்மாவா, முதல்ல ஒரு பக்கம் சாயணும், கையை ஊனணும், சாமியைக் கூப்பிடணும்.

உள்ள இருந்ததுக்கும் எனக்கும் மட்டும் ஒரு தனிப் பழக்கம் இருந்துச்சு. காலையெல்லாம் கம்முன்னு இருக்கும். மதியம் டவுன் பஸ்ஸு பாட்டைப் போட்டுக்கிட்டு ரோட்டுல திரும்புச்சுன்னா போதும், உள்ள உருள ஆரம்பிச்சுரும். வயித்து மேல டம்ளரை வச்சா டம்ளர் ஆடும். "வாடா, அப்பன் வண்டி இல்லடா இது, கவர்மெண்டு பஸ்ஸு"ன்னு சொல்லிச் சிரிப்பேன். அம்மாவும் அடுப்படியில நின்னு சிரிக்கும். இப்ப நினைச்சாலும் அந்த வாரங்களை மாதிரி ஒரு நிம்மதி எனக்கு வாய்ச்சதில்ல. பயமும் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா பயத்தோடவே ஒரு சொகம்.

அந்த நிம்மதியிலதான் மாமியார் வந்து கல்லைப் போட்டாங்க. பஸ் ஏறி வந்தவங்க சீரகத்தண்ணி வச்சுக் குடுத்தாங்க, காலை நீவி விட்டாங்க. அப்புறம் மெதுவா, "பங்குனி முடியிறதுக்குள்ள ஆபரேசன் பண்ணி எடுத்துருவோமாம்மா? சோசியர்கிட்ட நாளும் கேட்டுட்டேன்"னாங்க. அம்மா வாயே திறக்கல. தப்பு நம்ம வீட்டுல நடந்துச்சுங்கிற கூச்சம் அதுக்கு. எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டா, "டாக்டரம்மா என்ன சொல்றாங்கன்னு பாப்போம்"னு பூசி மெழுகுனார்.

மறுவாரம் அருப்புக்கோட்டையில டாக்டரம்மாகிட்ட அத்தையும் கூட வந்தாங்க, அவங்களே வாயைத் திறந்து கேட்கவும் செஞ்சாங்க. டாக்டரம்மா கோபப்படல. "தலை நல்லாத் திரும்பி இருக்கும்மா. சுகப்பிரசவமே ஆகும். பிள்ளைக்கு நுரையீரல் இன்னும் கொஞ்சம் தேறட்டும். அதுக்கு முன்னாடி வயித்தைக் கிழிச்சு எடுக்க என்ன அவசரம்?"னு கேட்டாங்க. அத்தை தலையை ஆட்டிட்டு வெளிய வந்துட்டாங்க. எனக்கு உயிர் வந்துச்சு. ஆனா பஸ் ஸ்டாண்டு வந்ததும், "வேற ஆஸ்பத்திரியில கேட்டா செய்வாகளாம்"னாங்களே பாக்கணும்!

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "என் வயித்தைக் கிழிக்க நீங்க நாள் பாக்கிறீங்களா? அரைவேக்காடா எடுத்துப் பிள்ளைக்கு மூச்சு முட்டுனா உங்க சோசியர் வந்து ஊதுவாரா?"ன்னு பஸ் ஸ்டாண்டுன்னும் பாக்காமக் கத்திட்டேன். அம்மா என் கையைக் கிள்ளுச்சு. வாங்கிக் குடுத்த டீயை அப்படியே பெஞ்சுல வச்சுட்டு அத்தை மல்லாங்கிணறு பஸ்ஸுல ஏறிப் போயிட்டாங்க.

நாலஞ்சு நாள் போச்சு. இனி வரமாட்டாங்கன்னு நினைச்சேன், ஒரு பை நுங்கோட வந்து நிக்கிறாங்க. அம்மா கடைக்குப் போயிருந்துச்சு. எனக்கு மூஞ்சி இன்னும் தொங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அவங்க பாட்டுக்குத் தரையில உக்காந்து, நுங்கைத் தோண்டித் தோண்டிக் கிண்ணத்துல போட்டுக்கிட்டே சொன்னாங்க.

"உன் புருசனும் சித்திரையிலதான் பொறந்தான். அவன் பொறந்த மாசமே என் மாமனார் செத்துப் போனாக. குடிச்சுக் குடிச்சு ஈரல் வெந்து கிடந்த மனுசன். பழி மட்டும் பால்குடிப் பிள்ளை மேல. எங்க நாத்தனா, 'எங்க அப்பனை முழுங்கிருச்சு, இதைத் தவிட்டுக்கு வித்துருங்க'ன்னு ஒத்தக்கால்ல நின்னாக."

தவிட்டுக்கு விக்கிறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். ஆகாத நேரத்துல பிறந்த பிள்ளையைப் பேருக்கு வேற ஒருத்தருக்கு வித்துட்டுத் திரும்ப வாங்கிக்கிறது. விளையாட்டுச் சடங்குன்னு நினைச்சிருந்தேன்.

"கோயில் வாசல்ல பிள்ளையைக் கிடத்தச் சொன்னாக, கிடத்துனேன். எதிர்வீட்டு அம்மா ஒரு படி தவிட்டை என் மடியில கொட்டிட்டு அவனை எடுத்துக்கிட்டா. திரும்பிப் பாக்காம வீட்டுக்கு நடக்கணும். நடந்தேன். அவன் அங்க கத்துறான், எனக்கு இங்க பால் ஊறிச் சேலையெல்லாம் நனையுது. பொழுது சாய்ஞ்சுதான் கொண்டாந்தாக, 'இது இனி எம்பிள்ளை, வளக்கக் குடுக்கிறேன்'னு. அதுக்குப் பெறகு அவன் என்னை அம்மான்னு கூப்பிட்டா தோசம் மறுபடி ஒட்டிக்கிருமாம். பேச்சு வர்ற வயசுல 'ம்மா'ன்னு வாயெடுப்பான். எங்க நாத்தனா வாயைப் பொத்தி, 'அத்தைன்னு சொல்லு'ம்பாக. அவனும் பழகிக்கிட்டான்."

நான் கேலி பண்ணிச் சிரிச்ச சிரிப்பெல்லாம் ஞாபகத்துக்கு வந்துச்சு. என்ன கேட்கிறதுன்னு தெரியாம, "அந்தத் தவிட்டை என்ன செஞ்சீங்க?"ன்னு கேட்டேன்.

"மாட்டுக்குத்தான் வச்சேன். வேறென்ன செய்ய?"

கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாங்க. "அதுக்குத்தான் தாயி பங்குனிக்குள்ள எடுத்துருவோம்னேன். எனக்கு வேற வழி தெரியல."

"சித்திரையிலயே பிறக்கட்டும். பிள்ளையை நான் குடுக்க மாட்டேன்."

"பெத்துப்போட்டுப் படுத்துக் கிடப்ப. உன்னைக் கேட்டா செய்வாக?"

"அப்ப நீங்க சொல்லுங்க, வேணாம்னு."

"நானா? எங்க நாத்தனா மூஞ்சியை நான் நிமிந்து பாத்ததே இல்லையே தாயி."

அதுக்கு மேல ஒரு வாக்கும் குடுக்கல. தோண்டிப் போட்ட நுங்கு மட்டையை எல்லாம் அள்ளி வெளிய போட்டுட்டுக் கையைக் கழுவினாங்க. அன்னைக்குச் சாயங்காலம் எங்க வீட்டுக்காரர்கிட்ட, தவிட்டுக் கதை தெரியுமான்னு போன்ல கேட்டேன். "தெரியும்"னார். "நாளெல்லாம் பாக்க வேணாம். வர்றப்ப வரட்டும்"னு சொல்லிட்டு வச்சுட்டார்.

ஊருல பங்குனிப் பொங்கல் கொட்டு அடிச்சு ஓஞ்சது. சோசியர் குறிச்ச நாளும் அதுபாட்டுக்குப் போச்சு. சித்திரை பிறந்தன்னைக்கு அம்மா பாயசம் வச்சுச்சு. நான் ரெண்டு டம்ளர் குடிச்சேன், டவுன் பஸ்ஸு வந்துச்சு, உள்ள உருண்டுச்சு. ஆனா முந்தி மாதிரி நிம்மதியாப் படுத்து வேடிக்கை பாக்க முடியல. "பொண்ணாப் பொறந்துரு. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது"ன்னு வயித்தைத் தடவிச் சொல்லிக்கிட்டே இருந்தேன்.

ஒருநாள் காலையில இட்லியைப் பிட்டு வாயில வைக்கும்போது இடுப்பைப் பிடிச்சுச்சு. அப்பா கார் பிடிச்சுட்டு வந்தார். நர்ஸம்மா வளையலை ஒண்ணொண்ணாக் கழட்டி அம்மா கையில குடுத்தாங்க. வலியைப் பத்தி நான் எழுதப் போறதில்ல, பெத்தவங்களுக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள்ள பிறந்துட்டான். ஆமா, பிறந்துட்டான். "ஆம்பளைப் பிள்ளை, நல்ல வெயிட்டு"ன்னு நர்ஸம்மா வெளிய போய்ச் சொன்னப்ப சிரிச்ச ஒரே ஆளு அவங்கதானாம்.

மறுநாள் பெரியம்மா வந்தாங்க. என் மாமனாரோட அக்கா, அத்தை சொன்ன அதே நாத்தனா. கையில மஞ்சப் பை. அதைக் கட்டிலுக்குக் கீழ வைக்கும்போதே எனக்கு வாடை தெரிஞ்சுபோச்சு. மாடு கட்டுற வீட்டுல வளந்தவளுக்குத் தவிட்டு வாடை தெரியாதா?

"சம்பிரதாயத்துக்குத்தாம்மா. ஆஸ்பத்திரி வாசல்லயே முடிச்சுருவோம். யாராவது ஒரு அம்மாகிட்டக் குடுத்து வாங்குனாப் போதும்"னு அவங்க குனிஞ்சு பிள்ளைக்குக் கையை நீட்டினாங்க. எனக்குத் தையல் இழுக்குது, எந்திரிக்க முடியல. நீளமான வாய்னு சொன்னேனே, அந்த வாயும் அன்னைக்கு ஒட்டிக்கிச்சு.

மூலையில ஃப்ளாஸ்க்கைக் கழுவிக்கிட்டு இருந்த அத்தை ஈரக் கையோட வந்து, குறுக்க விழுந்து பிள்ளையைத் தூக்கிக்கிட்டாங்க.

"வேணாம் மதினி."

பெரியம்மாவுக்கு முதல்ல விளங்கவே இல்ல. "என்னது? எங்க அப்பன் போனது மறந்துபோச்சா உனக்கு? நாளைக்கு என் தம்பிக்கு ஒண்ணுன்னா?"

"ஒண்ணுன்னா அறுபடப் போறது என் தாலி. அதை நான் பாத்துக்கிறேன். இவ பிள்ளை இவளை அம்மான்னு கூப்பிடணும்."

பெரியம்மா பொத்துன்னு நாற்காலியில உக்காந்துட்டாங்க. கத்துவாங்கன்னு பாத்தேன், கத்தல. மஞ்சப் பையை மட்டும் காலால உள்ள தள்ளிவிட்டாங்க.

வாசல்ல எங்க வீட்டுக்காரர் இட்லிப் பொட்டலத்தோட நின்னுக்கிட்டு இருந்தார். எப்ப வந்தார்னு தெரியல, எல்லாத்தையும் கேட்டுட்டார்னு மூஞ்சியிலயே தெரிஞ்சுச்சு. பொட்டலத்தை ஜன்னல்ல வச்சுட்டு நேரா பிள்ளையை வச்சிருந்த அத்தைகிட்டப் போனார். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். 'ம்மா'ன்னு வருமான்னு நான் அந்த வாயையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

"அத்தை, பிள்ளையை இங்கிட்டுக் குடுங்க"ன்னார்.

"தலையைப் பிடிச்சு வாங்குப்பா"ன்னு அவங்க குடுத்தாங்க.