குடிக்காதவனுக்கே வண்டி

புதுச்சேரி முதலியார்பேட்டை கோவிந்தராசுவுக்கு இரண்டு கொள்கைகள். ஒன்று, குடிக்கிறவனை அண்டவிடுவதில்லை. இரண்டு, ஷோரூம்காரனை நம்புவதில்லை. வெளியூர்க்காரன் பஸ் பிடித்து வந்து குடித்துவிட்டுப் போகிற ஊரில் முதல் கொள்கையை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது லேசா? ஆனால் சிரிக்காதீர்கள். அவருடைய அப்பா சம்பள நாளில் ஒருநாளும் நேராக வீடு வந்து சேர்ந்ததில்லை. அந்த வலி அறுபத்திரண்டு வயதிலும் மனுஷனுக்கு ஆறவில்லை.

பஞ்சாலை மூடியபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்தார், ஒரு வெள்ளைக் கார் வாங்கினார். பதினாலு வருஷத்தில் அந்தக் காரில் குடிக்கிறவன் ஒருவன்கூட உட்கார்ந்ததில்லை. மனைவி ஜெயத்தின் கூடப்பிறந்த தம்பி பலராமனுக்கே இடமில்லை. சாயங்காலம் ஆனால் அவன் ஒரு குவார்ட்டர் போடுவான், அதுதான் குற்றம். குடும்பமே காரில் மயிலம் கோயிலுக்குப் போனபோது அவன் மட்டும் பஸ்ஸில் வந்து சேர்ந்தான்.

முட்டிவலி வந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போனதும் கிளட்ச் இல்லாத புது வண்டிக்குப் பணம் கட்டப் போனார். ஷோரூம் பெண் பழைய காரைச் சுற்றிப் பார்த்தாள்.

"எக்ஸ்சேஞ்ச்ல எண்பதாயிரம் கழிச்சுக்கறோம் சார். பேர் மாத்தற வேலையெல்லாம் நாங்களே பாத்துக்கறோம்."

"அடிமாட்டு வெலைக்குக் கேக்கறியேம்மா. அதுவும் எந்தக் குடிகாரன் தலைல கட்டுவீங்களோ! நானே வித்துக்கறேன்."

மறுநாள் ஜெராக்ஸ் கடை வாசலில் அட்டை தொங்கியது: 'கார் விற்பனைக்கு. ஒரு லட்சத்துப் பத்தாயிரம். குடிப்பழக்கம் இல்லாதவர் மட்டும் அணுகவும்.' தெருவே நின்று படித்தது. "வண்டி விக்கறாரா, பொண்ணு குடுக்கறாரா?" என்று எதிர் டீக்கடையில் கேட்டார்கள்.

முதலில் வந்தவர் வீராம்பட்டினத்துப் படகுக்காரர் கொளஞ்சி. விலைக்கு மறுபேச்சுப் பேசவில்லை.

"குடிப்பியா?" என்றார் கோவிந்தராசு.

"தேர்த் திருவிழாவுக்குப் போடுவேண்ணே. வலை நெறைஞ்சு வந்தா அன்னிக்கும் கொஞ்சம். பொய் சொல்லக் கூடாதில்ல."

உண்மை சொன்னதற்கு வந்த வழியே அனுப்பிவைத்தார்.

அடுத்து நெல்லித்தோப்பில் பிளைவுட் கடை வைத்திருக்கும் கலீலுல்லா. குடியின் வாசனையே அறியாத மனுஷர். பணமும் கையில் தயார். ஆனால் அவர் ஒன்று சொன்னார்: "வித்ததுக்கு ஒரு லெட்டர் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கலாம்ணே. நாளைக்கே ஆர்டிஓ ஆபீஸ் போயி பேர மாத்திடலாம்."

"ஏன் பாய், என் வார்த்தை போதாதா?"

"வார்த்தை வேற, காகிதம் வேறண்ணே."

கோவிந்தராசுவுக்குச் சுருக்கென்றது. ஊரார் காகிதத்துக்கெல்லாம் நகல் எடுத்துப் பிழைக்கிறவரிடமே காகிதம் கேட்பதா? அந்த வியாபாரமும் போயிற்று.

ஐந்தாவது மாதம் விழுப்புரம் பக்கத்திலிருந்து முகிலன் வந்தான். நெற்றி நிறைய விபூதி. செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டான்.

"குடிப்பியா?"

"ஐயய்யோ! அந்தக் கடை இருக்கற தெசைல தலைவச்சுக்கூடப் படுக்கமாட்டேங்கய்யா."

இன்ஜினைத் திறந்து பார்க்கவில்லை. ஓட்டிப் பார்க்கவும் இல்லை. டிக்கியை மட்டும் திறந்து, குனிந்து, கையை நீட்டி அளந்து பார்த்தான். "நல்ல எடங்கய்யா," என்றான். சொன்ன விலையை ரொக்கமாகவே தருவதாகச் சொன்னான். இப்படி ஒரு தங்கமான பிள்ளை இந்தக் காலத்தில் உண்டா! பெயர் மாற்றும் படிவத்தில் வாங்குகிறவன் பெயரும் தேதியும் எழுதாமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஜெயத்துக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு ஜெராக்ஸாவது எடுத்து வையுங்களேன். கடை நம்மளுதுதான?"

"நல்லவங்கிட்டப் போயி காகிதம் கேக்கறது அவமானம்டி."

பலராமன் தெருமுனையிலிருந்து மெல்ல வந்தான். "மாமா, ஏறத்தான் விடல. போறப்பவாவது பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கறேனே."

"எடுத்துத் தொலை," என்றார். பணமும் சாவியும் கைமாறுகிற நேரத்தில் அவன் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் பல்லைக் காட்டினான்.

நாற்பதாம் நாள் எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. அவருடைய காரில் சரக்கு கடத்தியிருக்கிறார்களாம். முன்பணம் கட்டிய புது வண்டி இன்னும் வந்தபாடில்லை. பதறிப்போன ஜெயம் தம்பியைக் கூப்பிட, அவன் ஸ்கூட்டரில் ஏறிப் போனார் கோவிந்தராசு.

ஸ்டேஷன் வாசலில் வெள்ளைக் கார் நின்றது. டிக்கி நிறைய புதுச்சேரிச் சரக்கு. உள்ளே பெஞ்சில் விபூதி கலையாமல் முகிலன். "ஐயாதான் சார் ஓனரு. ஓட்டச் சொன்னாரு, ஓட்டினேன்," என்று கையைக் காட்டினான்.

பாவி! கோவிந்தராசு எஸ்.ஐ.யின் மேசைக்கு ஓடினார். "வித்துட்டேன் சார், இவனுக்குத்தான் வித்தேன்."

"ஆர்சி உன் பேர்லதான இருக்கு? வித்ததுக்கு என்ன காகிதம் வச்சிருக்க?" என்றார் எஸ்.ஐ.

ஒன்றுமில்லை. எஸ்.ஐ. அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ குடிப்பியா?"

ஐந்து மாதம் ஊரையெல்லாம் கேட்ட கேள்வி. "சத்தியமாக் கெடையாது சார். சொட்டுக்கூட."

"இவனுந்தான் குடிக்கமாட்டான். ஊதிப் பாத்தாச்சு. விக்கறவனே குடிச்சா யாவாரம் என்னாவறது?"

சாராய கேஸில் கோவிந்தராசுவின் பெயர் வரப்போகிறது. அப்பனுக்குக்கூட வராத பெயர். அப்போது பின்னாலிருந்து பலராமன் செல்போனை நீட்டினான். படம் முழுக்க அவன் பல்தான். ஆனால் அவன் தோளுக்குப் பின்னால், ஒரு கையால் பணக்கட்டை நீட்டி மறு கையால் சாவி வாங்குகிறான் முகிலன். தேதியும் நேரமும் போனிலேயே இருந்தன. எஸ்.ஐ. இரண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தார். பிறகு முகிலனைப் பார்த்தார். முகிலன் தரையைப் பார்த்தான்.

குற்றவாளியாக வந்தவரைச் சாட்சியாக எழுதிக்கொண்டு வெளியே விட்டார்கள். அங்கே கையெழுத்துப் போட்ட காகிதத்துக்கு மறக்காமல் நகல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"ஏறுங்க மாமா," என்று பலராமன் ஸ்கூட்டரைக் கிளப்பினான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, அவன் குவார்ட்டர் போடப் போகிற நேரம். கோவிந்தராசு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்து, மச்சானின் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.