அணில் சொல்லாத வசனம்

எங்கள் விருத்தாசலத்தில் எழுத்தாளர் என்றால் பத்திரம் எழுதுகிறவர்தான். அறிவழகன் நாடகம் எழுதுகிறான் என்றதும், "அதுல என்னா கெடைக்கும்?" என்று கேட்காத ஆள் இல்லை. நான் பரக்கத்துல்லா, கடைவீதியில் செருப்புக்கடை. அவன் நாடகங்களில் எனக்கு எப்போதும் போலீஸ் வேஷம். தொப்பை இருக்கிறதாம்!

செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த விருத்தாம்பாள்தான் அவனுடைய முதல் நாயகி. ஒத்திகையிலேயே, "எந்தப் பொம்பள இப்பிடிப் பேசுவா?" என்று வசனத்தைத் திருத்துவாள். இரண்டாவது நாடகம் முடிவதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது.

பிறகு ஒரு சிறுவர் இதழுக்குப் படக்கதை எழுதினான். ஒரு பீங்கான் யானையும் வாயாடி அணிலும். யானை இவன், அணில் அவள் என்பது தெருவுக்கே தெரியும். அப்புறம்தான் டிவி சீரியல். வாராவாரம் சென்னைக்கு ரயில். வாசலில் நின்று "கெளம்பறேன்" என்றால் விடமாட்டாள். "போயிட்டு வரேன்னு சொல்லுங்க" என்று திருப்பிக் கூப்பிட்டுச் சொல்ல வைப்பாள். ரயில் போனாலும் அவளுக்குக் கவலையில்லை.

சீரியலில் மரகதம் என்ற மனைவி பேசியதெல்லாம் விருத்தாம்பாளின் பேச்சு. இவள் புற்றுநோய் வந்து படுத்த பிறகும், மரகதம் தினமும் சமையற்கட்டில் நின்றுகொண்டு மாமியாரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். "அவ தெம்பா இருக்கறதப் பாத்தா எனக்கும் எழுந்திரிக்கணும்னு தோணுதுண்ணே" என்பாள் என்னிடம்.

அந்த நேரம் பார்த்து மரகதமாக நடித்த பெண்ணுக்கு சினிமா வாய்ப்பு வந்தது. மரகதத்தைச் சாகடித்துவிடு என்றார்கள். "வேணாம் சார், வேற ஆளப் போடுங்க. 'இவருக்குப் பதில் இவர்'னு கீழ ஒரு வரி ஓடுனா ஜனங்க ஏத்துக்குவாங்க" என்று கெஞ்சினான். வீட்டு நிலவரத்தையும் சொன்னான். சாவு காட்டினால்தான் நாலு பேர் கூடுதலாகப் பார்ப்பார்கள் என்றார்கள். எழுதமாட்டேன் என்றான். வேறொருவனை வைத்து எழுதினார்கள். அவனுக்குப் பதில் இவன் என்று யாரும் வரி ஓட்டவில்லை.

மரகதம் சாகிற காட்சி வரவிருந்த அன்று சாயங்காலம் என்னைக் கேபிளைப் பிடுங்கிவிடச் சொன்னான். பிடுங்கினேன். "சொருவுங்கண்ணே. நேத்தே விளம்பரத்துல காட்டிட்டாங்க" என்றாள் விருத்தாம்பாள். மரகதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, இடைவேளை தாண்டியும் பேசிப் பேசிச் செத்தாள். நாங்கள் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். விருத்தாம்பாள் சிரித்துவிட்டாள்.

"இது நீங்க எழுதுனது இல்லதான? சாவறவளுக்கு இவ்ளோ மூச்சு ஏதுங்க?"

அவள் சொன்னதுதான் சரி. அடுத்த மாதம் ஒரு மத்தியானம், அவன் கஞ்சியை ஆற்றிக்கொண்டு திரும்புவதற்குள் போய்விட்டாள். ஒரு வார்த்தை இல்லை. விருத்தாம்பாள் என்று பேர் வைத்துக்கொண்டு, கிழவியாகும்வரையாவது இருந்திருக்க வேண்டாமா? எனக்கு இன்னும் கோபம்தான். துக்கத்துக்கு வந்த பெண்களெல்லாம், "கடைசியா என்னப்பா சொல்லிட்டுப் போச்சு?" என்று கேட்டார்கள். ஊருக்கெல்லாம் வசனம் எழுதியவன் பதில் இல்லாமல் நின்றான். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

காரியம் முடிந்த பிறகு படக்கதையை மட்டும் எழுதினான். கடைசிக் கட்டத்தில் அணில் மரமேறிப் போகிறது, யானை அண்ணாந்து பார்க்கிறது. அணிலின் பேச்சை எழுத வேண்டிய பலூன் காலி. இதழிலிருந்து போன் வந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"சார், அணிலோட வசனம் விட்டுப்போச்சு."

"விட்டுப்போவல. அது ஒண்ணும் சொல்லாமதான் போச்சு."

இதழ் வந்த அன்று அதை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தான். பலூன் காலியாக இல்லை. குழந்தைகளுக்குப் புரியாது என்று நினைத்து அங்கே யாரோ நிரப்பியிருந்தார்கள்: "போயிட்டு வரேன்!"

நாலு வார்த்தை திட்டலாம் என்று வாயெடுத்தேன். அவன் அந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"யாரு எழுதுனாங்கன்னு தெரியல பாய்" என்றான். "இதத்தான் அவ சொல்லியிருப்பா."

பிறகு செருப்புப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, அன்றைக்கு அழாததை எல்லாம் சேர்த்து அழுதான்.