அம்பு ஒட்டிய குட்ஸ் ஷெட்

பாண்டித்துரையிடம் ஒரு கறையைக் காட்டினால் போதும், அதன் சாதகத்தையே எழுதிக் கொடுத்துவிடுவார். தையல் மிஷின் எண்ணெயா, டீயா, வெற்றிலைச் சாறா, துருவா, கறை பட்டு எத்தனை நாளாச்சு என்பதெல்லாம் பனியனை வெளிச்சத்தில் ஒரு திருப்புத் திருப்பினாலே தெரிந்துவிடும். திருப்பூர் முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பதினாறு வருசமாக அவருக்கு அதுதான் வேலை. செக்கிங் மேசையில் பெண்கள் ஒவ்வொரு பீஸாகப் பார்த்து, கறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிடுவார்கள். அம்பு ஒட்டிய பீஸெல்லாம் பாண்டித்துரையிடம் வரும். அவர் கையில் துப்பாக்கி மாதிரி கறை எடுக்கிற கன். அதற்குள் நெடியடிக்கிற திரவம். அம்பு காட்டிய இடத்தில் சர்ரென்று ஒரு அடி. கறை போய்விடும். அம்பை உரித்து மேசை ஓரத்தில் ஒட்டுவார். சாயங்காலம் அந்த ஓரம் சேவல் கொண்டை மாதிரி சிவந்து கிடக்கும்.

அந்த நெடிதான் கடைசியில் நெஞ்சில் இறங்கியது. இருமல் நிற்கவில்லை. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "கறையோட சேத்து நுரையீரலையும் எடுத்துக்கிட்டிருக்கீங்க. இனி மாஸ்க் போட்டாலும் ஆகாது. ஆறு மாசத்துக்குள்ள வேற வேலை பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

வேற வேலை! திருமங்கலத்துப் பக்கமிருந்து ஒரு துணிப்பையோடு வந்து இறங்கிய நாளிலிருந்து இந்த ஊரில் அவர் கற்றுக்கொண்டது கறை ஒன்றைத்தான். நாற்பத்து மூன்று வயதில் எவன் புதிதாகச் சேர்ப்பான்? அவர் மனைவி வேல்விழி வேறொரு கம்பெனியில் டெய்லர். "விசிலு ஊதிக்கிட்டு கேட்டுல ஒக்காருங்க. ஒங்க இருமலுக்குத் திருடன் தன்னால ஓடிருவான்" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பாண்டித்துரைக்குக் கை சும்மா இருக்காது. கிழிந்த அட்டைப்பெட்டி, பனியனில் தொங்கவிடுகிற டேக் அட்டை, நூல் கோன், உடைந்த பட்டன், எது கிடைத்தாலும் ஏதாவது செய்துகொண்டிருப்பார். அப்படி ஒரு நாள் கைச்சாண் நீளத்தில் ஒரு குட்ஸ் வண்டிப் பெட்டி செய்து மேசைமேல் வைத்திருந்தார். கதவுக்குத் தாழ்ப்பாள்கூட உண்டு. அந்த வழியாக வந்த முதலாளி தமிழ்செல்வன் நின்றுவிட்டார். சாமளாபுரத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்து, கம்பெனி நடத்துகிற மனிதர். யாரையும் 'ங்க' போடாமல் கூப்பிட மாட்டார்.

"ஏனுங் பாண்டி, இதை நீங்களா பண்ணுனீங்க?"

திட்டப்போகிறார் என்று பாண்டித்துரை எழுந்து நின்றார். "சாப்பாட்டு நேரத்துல பண்ணுனதுதான் மொதலாளி. எல்லாம் குப்பைக்குப் போற அட்டை."

"அட, அதுக்குக் கேக்கலீங்க. ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வாங்க. ஒண்ணு காட்டோணும்."

வீட்டு மாடியில் ஒரு கூடம் முழுக்க மரப்பலகை மேடை. அதன்மேல் தண்டவாளம், பாலம், மலை. ஜெர்மனியிலிருந்து வரவழைத்த ரயில் ஒன்று புகை போகிற சத்தத்தோடு சுற்றிச் சுற்றி வந்தது. தமிழ்செல்வன் சின்னப் பிள்ளை மாதிரி அதன் பின்னாலேயே நடந்தார்.

"வண்டி வாங்கிப்போடலாமுங்க. ஸ்டேஷனெல்லாம் கடையில வாங்குனா சீமை ஸ்டேஷனாட்டம் இருக்குது. நம்ம பக்கத்து ஸ்டேஷன் ஒண்ணு வேணும். நெசத்துல எம்பத்தேழு அடின்னா இங்க ஒரு அடி. கோயமுத்தூர்ல தரணீதரன்னு ஒருத்தரு, இந்த வேலையே தொழிலா வெச்சிருக்கறாரு. கண்காட்சிக்கு, பள்ளிக்கூடத்துக்கெல்லாம் ரயில் மாடல் பண்ணிக் குடுக்கறாரு. அடுத்த மாசம் பாக்க வர்றாரு. உங்க கைவேலை அவருக்குப் புடிச்சா வருசம் முச்சூடும் உங்களுக்கு வேலைங்க."

பாண்டித்துரை ஒன்பதாம் வகுப்போடு நின்றவர். ஆனால் அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குள் எண்பத்தேழால் வகுக்கிற கணக்கு அவருக்குத் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது. கோயமுத்தூர் போகிற பாதையில் எக்ஸ்பிரஸ் நிற்காத ஒரு சின்ன ஸ்டேஷனைத் தேர்ந்தெடுத்தார். ஒரு குட்ஸ் ஷெட், ஒரு கேட் அறை, ஒரு தண்ணீர்த் தொட்டி. சைக்கிளில் போய் முழம் போட்டு அளந்துகொண்டு வந்தார்.

கம்பெனியே அவருக்குக் கைகொடுத்தது. அட்டைப்பெட்டியின் மேல்தாளை ஈரம் காட்டி உரித்தால் உள்ளே இருக்கிற நெளிநெளி அட்டை அப்படியே சிமெண்ட் ஷீட் கூரை. டேக் மாட்டுகிற பிளாஸ்டிக் ஊசி நடைமேடைக் கம்பி வேலியானது. நிட்டிங் செக்‌ஷன் பையன்கள் மிஷின் அடியில் சேர்ந்த பஞ்சுத் தூசியைக் கவர் கவராகக் கொடுத்தார்கள். பச்சைச் சாயம் ஏற்றியதும் வேப்பமரம். செக்கிங் மேசை நஞ்சம்மாள், ஐம்பது தாண்டிய உள்ளூர்க்காரர், நல்ல அட்டையாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தார். "ஏந் தம்பி, எனக்கொரு சீட்டு அந்த ரயில்ல போட்டு வெய்யி. கால் வலிக்குது, உக்காந்துட்டுப் போறேன்" என்பார்.

மூன்று வாரத்தில் ஸ்டேஷன் முடிந்தது. மாடியில் கொண்டுபோய் வைத்தார். தமிழ்செல்வன் குனிந்து பார்த்தார், சுற்றிவந்து பார்த்தார், மோவாயைத் தடவினார்.

"சுத்தபத்தமா இருக்குதுங்க. அதுதான் கொறை. பொம்மையாட்டம் தெரியுது. ஸ்டேஷன்னா அழுக்கு வேணுமல்லோ? கொஞ்சம் பழசாக்கிக் குடுங்க. தரணீதரன் மொதல்ல பாக்கறதே அதைத்தான்."

சரியென்று எடுத்து வந்தார். ஆனால் முடியவில்லை. பிரஷ்ஷில் காவியைத் தொட்டுச் சுவரில் வைப்பார். வைத்த மறுநொடி இடது கை துணியை எடுத்துத் துடைத்துவிடும். பதினாறு வருசப் பழக்கம். 'இரு, இந்தக் கையைக் கட்டிப்போடுறேன்' என்று ஒரு நாள் இடது கையை இடுப்புத் துண்டில் செருகிக்கொண்டு, தண்ணீர்விட்ட பழுப்புப் பெயிண்டை மொத்தமாகத் தெளித்தார். காய்ந்ததும் பார்த்தால் சேற்றில் புரண்ட எருமை மாதிரி நின்றது ஷெட்.

"என்னங்க இது, வெள்ளத்துல போன ஸ்டேஷனா?" என்றாள் வேல்விழி.

தரணீதரன் வர ஒன்பது நாள்தான் இருந்தது. தெளித்ததை ஈரத் துணியால் ஒற்றித் துடைத்துவிட்டு, விடிந்ததும் வேலைக்குப் போனார்.

அன்று நஞ்சம்மாள் ஒரு வெள்ளைப் பனியனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இது என்ன கறையின்னே தெரியலீங் தம்பி. போகுமா, ரிஜெக்ட்டுல போட்டறலாமா?"

பாண்டித்துரை பாதிப் பார்வைதான் பார்த்தார். "ஊசிக் கம்பியிலேருந்து சொட்டுன எண்ணெய், அக்கா. நடுவுல கருப்பு, ஓரம் மஞ்சள் வட்டம். ஒரு வாரம் ஆயிருச்சு. அதுக்கு மேல எவனோ கையை வச்சு இழுத்திருக்கான், அதான் வால் முளைச்சிருக்கு."

"எப்படித்தான் சொல்லுவியோ! அது பட்டப்ப நீ பக்கத்துலயே நின்ன மாதர இருக்குது."

பாண்டித்துரையின் கன் அந்தரத்தில் நின்றுவிட்டது. கறை எங்கே தொடங்கும், எப்படி ஓடும், ஓரத்தில் எப்படிக் காயும். இந்தத் திருப்பூரில் தன்னைவிட அதை யார் பார்த்திருக்கிறார்கள்? எடுத்த வழியிலேயே திரும்பி நடந்தால் வைத்துவிடலாமே!

"நஞ்சக்கா, அந்த அம்பு ஸ்டிக்கர்ல ரெண்டு ஷீட்டு குடுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க நிஜ குட்ஸ் ஷெட் எதிரில் உட்கார்ந்திருந்தார். பிறகு வீட்டுக்கு வந்து, தன்னுடைய ஷெட்டில் கறை வரவேண்டிய இடத்திலெல்லாம் அம்பு ஒட்டினார். கூரை ஆணிக்குக் கீழே ஒன்று. துரு வழிய வேண்டும். சுவரின் அடியில் ஏழெட்டு. மழையில் செம்மண் முழங்கால் உயரத்துக்குத்தான் தெறிக்கும், அதற்கு மேல் போகாது. கதவின் தாழ்ப்பாள் பக்கம் ஒன்று. லோடுமேன்கள் கை பட்டுப்பட்டு எண்ணெய்க் கருப்பு. உத்தரத்துக்கு அடியில் புறா எச்சம். தண்டவாளங்களுக்கு நடுவில் எண்ணெய் சொட்டிய கோடு. மொத்தம் நாற்பத்தொரு அம்பு.

"கம்பெனியில கறைய எடுக்க அம்பு. வீட்டுல கறைய வைக்க அம்பா? நல்ல பொழப்புத்தான்" என்று வேல்விழி சிரித்தாள். ஆனால் அவள்தான் துணியில் கோடு போடுகிற டெய்லர் சாக்கட்டித் துண்டுகளைப் பொடித்துக் கொடுத்தாள். புறா எச்சத்துக்கும் வெயிலில் வெளுத்த சுவருக்கும் அது பொருந்தியது. பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரை ஊறவைத்துத் துருத் தண்ணீர் இறக்கினார். ஒரு கறை வைப்பார். காயும்வரை பார்ப்பார். சரியாக வந்தால்தான் அம்பை உரிப்பார். இடது கை இப்போது துணியைத் தேடவில்லை. அம்பு உரிக்கிற வேலை அதற்குக் கிடைத்துவிட்டது.

தரணீதரன் வந்த அன்று பாண்டித்துரை மாடிக் கூடத்தின் சுவரோரம் நின்றார். தரணீதரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஷெட்டோடு கண்ணை ஒட்டிப் பார்த்தார். ஒவ்வொரு கறையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, "இது என்னங்க?" என்றார்.

கூரை மூலையில், மழைத் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே, சிவப்பாக ஒரு அம்பு.

தமிழ்செல்வனுக்கு முகம் சுண்டிவிட்டது. "மறந்துபோய் உட்டுட்டாருங்க" என்று நகத்தால் உரிக்கப் போனார்.

"மொதலாளி, அத விட்ருங்க" என்றார் பாண்டித்துரை. "மறக்கல. அங்கன ஒரு கறை பாக்கி இருக்கு. அந்தக் குழாய் அடியில உடைஞ்சிருக்கு, போன மாசந்தான் அந்த மூலைச் சுவத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடிச்சிருக்காங்க. மழை பேஞ்சு தண்ணி இறங்குனாத்தான் எப்படி வழியுதுன்னு தெரியும். இன்னும் மழை வரல. பாக்காத கறைய எப்படிங்க வைக்கிறது?"

தரணீதரன் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். தமிழ்செல்வனைப் பார்த்தார். மறுபடியும் அந்த அம்பைப் பார்த்தார்.

"ஆறு ஸ்டேஷன் பண்ணோணும். ஒரு கண்காட்சிக்கு" என்றார். "உங்க ஊட்டுலயே வெச்சுப் பண்ணுங்க. மழை வர்ற வரைக்கும் காத்திருக்கறதுன்னாலும் சரிங்க."

பாண்டித்துரைக்குக் கும்பிடத்தான் தெரிந்தது. யாரைக் கும்பிடுகிறோம் என்று பிரித்துப் பார்க்கவில்லை. அட்டை எடுத்து வைத்த நஞ்சம்மாள், பஞ்சுத் தூசி கொடுத்த பையன்கள், சாக்கட்டி பொடித்த கை, மேசையைக் கடந்து போகாமல் நின்ற முதலாளி, பதினாறு வருசமாகத் தன் கண்முன் வந்து நின்று பாடம் சொன்ன அத்தனை கறைகள், எல்லாருக்கும் சேர்த்து ஒரே கும்பிடு.

வேலையை விட்டு, கன்னைக் கம்பெனியில் திருப்பிக் கொடுத்த வாரத்திலேயே மழை வந்தது. நஞ்சம்மாளின் குடையை இரவல் வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். உடைந்த குழாயிலிருந்து தண்ணீர் புதுச் சுண்ணாம்பில் இறங்கியது. நேராக இறங்கும் என்று நினைத்திருந்தார், அது ஒரு செங்கல் தள்ளி வளைந்து, இரண்டாகப் பிரிந்து, கூரைப் பாசியின் பச்சையை இழுத்துக்கொண்டு போயிற்று. அங்கேயே நின்று அது காய்கிறவரை பார்த்தார். அதுவரை அவர் ஒரு தடவைகூட இருமவில்லை.

வீட்டுக்கு வந்து அதே வளைவை வைத்தார். காய்ந்தது. நாற்பத்தோராவது அம்பை உரித்து, எங்கே ஒட்டுவதென்று ஒரு நிமிசம் யோசித்துவிட்டு, குடைக் கைப்பிடியில் ஒட்டினார். நஞ்சம்மாள் பார்த்தால் கேட்பார், சொல்லலாம்.