சரிகைத் தலைப்பாகை கட்டிய நாள்

முப்பதுகளில் நான் திருவனந்தபுரத்தில் தனியாக இருந்த குமாஸ்தா. மேலதிகாரியின் பங்களாவில் தேநீர் விருந்து. சரிகைத் தலைப்பாகை இல்லாமல் போகக்கூடாது. துணியின் மறுமுனையைப் பிடிக்க அறையில் ஆளில்லை. ஜன்னல் கம்பியில் முடிந்துவிட்டு, நானே சுற்றிக் கட்டிக்கொண்டேன்.

விருந்துக்கு எல்லோரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். என்னிடம் ஒருவரும் பேசவில்லை. ஓரமாக நின்று தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அறைக்குப் போக மனம் வரவில்லை. தலைப்பாகையோடே, கிழக்கேகோட்டையில் வழக்கமாகச் சாப்பிடும் ஓட்டலுக்குப் போனேன். கூட்டம் இல்லை. பரிமாற வந்தவர் என்னை நின்று பார்த்தார்.

“சாரே, தலைப்பாவு நல்லாருக்கே! இன்னிக்கு என்னவாக்கும் விசேஷம்?”

“கொஞ்சம் உக்காருங்க, சொல்றேன்” என்றேன்.

சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, அவர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார்.